தொப்பி அவளுக்கு, அகராதி அவனுக்கு

லண்டன் ‘பஞ்ச்’ பத்திரிகையில் பல்லாண்டுகளாகக் கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்தவர் ஜார்ஜ் டு மாரியே. ஒரு கண் இளமையிலேயே போயிற்று. மிச்சக் கண்ணும் மக்கர் செய்தது. கைவசம் ஒரு கதை இருந்தது. 1889இல் அதை நண்பர் ஹென்றி ஜேம்ஸுக்குச் சும்மாவே கொடுக்க முன்வந்தார். சங்கீத ஞானம் போதாது என்று ஜேம்ஸ் நழுவிவிட்டார். நல்லதாய்ப் போயிற்று. அவர் எழுதியிருந்தால் வில்லன் கண்ணைத் திறப்பதற்கே முந்நூறு பக்கம் ஆகியிருக்கும்.

டு மாரியே தானே எழுதி, ‘ட்ரில்பி’ 1894இல் அமெரிக்காவின் ‘ஹார்ப்பர்ஸ்’ இதழில் தொடராக வந்தது. பாரிஸில் ஓவியர்களுக்கு மாடலாக நிற்பவள் ட்ரில்பி. பாதம் பேரழகு, சுருதிக்கும் அவளுக்கும் ஜென்மப் பகை. ஸ்வெங்காலி என்ற ஆசாமி ஹிப்னாடிசம் செய்து அவளை ஐரோப்பாவே கொண்டாடும் பாடகியாக்குகிறான். ஒருநாள் கச்சேரி நேரத்தில் பால்கனியில் உட்கார்ந்தபடியே அவன் மண்டையைப் போட, மேடையில் அவள் குரல் பழைய கோலத்துக்குத் திரும்ப, ரசிகர்கள் கூச்சல் போட, கதை கந்தல். அவன் யூதன் என்பதற்காகவே ஆசிரியர் அவன்மேல் வாளி வாளியாக அழுக்கைக் கொட்டியிருக்கிறார். அன்றைய கனவான்கள் அதையும் ரசித்துப் படித்தார்கள்.

அமெரிக்காவுக்குப் பித்தம் தலைக்கேறியது. ட்ரில்பியின் பாத வடிவில் ஐஸ்கிரீம் விற்றார்கள்! ஓவியர் விஸ்லரோ, கதையின் ஒரு பாத்திரத்தில் தன்னைத்தான் கேலி செய்திருக்கிறார்கள் என்று வழக்கு மிரட்டல் விட்டார். புத்தகமாகும்போது அந்தப் பாத்திரத்தையே மாற்றினார்கள்.

1895இல் லண்டன் நாடகத்தில் ஸ்வெங்காலியாக வந்து வெளுத்துக்கட்டினார் பீர்போம் ட்ரீ. நாடகத்தில் வந்த தொப்பிக்கு ட்ரில்பி என்று பெயர் ஒட்டிக்கொண்டது. அவளை உருகி உருகிக் காதலித்த நல்ல பிள்ளை லிட்டில் பில்லியை இன்று நாய்கூடச் சீந்தாது. அகராதியில் இடம்பிடித்தவன் ஸ்வெங்காலி. பாடகியை மேனேஜர் கொஞ்சம் அதட்டினால் ஸ்வெங்காலி. பயிற்சியாளர் சொன்னதற்கெல்லாம் வீரர் தலையாட்டினால் அந்தப் பயிற்சியாளர் ஸ்வெங்காலி. கோர்ட்டில், “நான் வெறும் பொம்மை, ஆட்டிவைத்தவன் அவன்” என்று கைவிரிக்கும் வாதத்துக்கும் அவன் பெயர்தான்.

வசூலான பணத்தில் ட்ரீ 1897இல் ஹர் மெஜஸ்டிஸ் தியேட்டரைக் கட்டினார். 1986இல் அங்கே மேடையேறி ஆண்டுக்கணக்கில் ஓடிய நாடகம் ‘தி ஃபேன்டம் ஆஃப் தி ஆபெரா’. முகமூடி போட்ட ஒருவன் இளம்பெண்ணுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து வசியம் செய்கிற கதை. கட்டடத்தின் வாஸ்து அப்படி.