தலை எண்ணிய படலம்

உபாத்தியாயர் உத்தியோகத்தில் அமர்ந்தவன் அநுபவிக்க வேண்டிய கஷ்டங்களுள், பரீட்சைத் தாள் திருத்துவதைக்கூட ஒருவாறு சகித்துக்கொள்ளலாம். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலுள்ள 42 சிரஞ்சீவிகளை ஒரே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, அவர்களுக்கு இயற்கையைக் காட்டப் புறப்படுவது மட்டும் பூர்வ ஜன்மப் பலனாலன்றி வாய்ப்பதில்லை. அரியலூர்ப் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் பணியாற்றிய காலத்தில் எனக்கு அது வாய்த்தது. போகவேண்டிய இடம், பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் இருக்கும் கல்மரம்.

சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய புழுதியில் எங்கள் பஸ் ஊர்ந்துகொண்டிருக்க, மத்தியானத்துக்கென்று கட்டிவந்த புளிச்சாதப் பொட்டலங்களில் பாதி காலை ஒன்பது மணிக்கே காலியாகிக்கொண்டிருக்க, இந்தப் பூமியெல்லாம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்றும், கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் நிறைந்துள்ள சிப்பிகளே அதற்குச் சாட்சி என்றும் நான் பிரசங்கம் செய்தேன். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "அவ்ளோ தண்ணியும் எங்க சார் போச்சு?" என்றாள். ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயடியில் குடத்தோடு நிற்கும் அவள் கேட்ட கேள்வியில், விஞ்ஞான ஆர்வத்தைக் காட்டிலும் குற்றச்சாட்டே மிகுந்து தொனித்தபடியால், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சாத்தனூரில் இறங்கியதும் வகுப்பு லீடரை அழைத்துத் தலை எண்ணச் சொன்னேன். "நாப்பத்தொண்ணு சார்" என்றான். காணாமற்போன அந்த ஒரு தலையை பஸ்ஸுக்கு அடியிலும் வேலியோரத்துப் புதரிலும் தேடி, அதன் பெற்றோருக்கு என்ன சமாதானம் சொல்வது என்று மனத்துக்குள் ஒத்திகையும் பார்த்து முடித்த பிறகுதான், பையன் தன்னை விட்டுவிட்டு எண்ணியிருக்கிறான் என்பது புலப்பட்டது. ஆற்றைக் கடந்த பரமார்த்த குருவின் சீடர்கள் தம்மைத் தவிர்த்து எண்ணி அழுத கதையை எடுத்துரைத்து, அதை எழுதிய வீரமாமுனிவர் நம் மாவட்டத்து ஏலாக்குறிச்சியிலேயே வாழ்ந்தவர் என்ற சரித்திரத்தையும் சேர்த்து, "மரம்! சரியான மரம்!" என்று முடித்தேன். உடனே 42 பேரும், "எங்க சார்? எங்க சார்?" என்று எட்டிப் பார்த்தார்கள்.

எதிரே சாட்சாத் மரமே கிடந்தது. 18 மீட்டர் நீளம். வயது 12 கோடி ஆண்டு. கடலடி வண்டலில் புதையுண்டு, மரச்சத்து நீங்கிய இடத்திலெல்லாம் சிலிக்கா குடியேற, உருவம் மாறாமலே கல்லாய்ப் போனது. 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் அவர்களால் உலகுக்குத் தெரியவந்தது. 'மரம்' என்றும் 'கல்' என்றும் எத்தனையோ மாணவர்களை நான் வைதிருக்கிறேன். அவ்விரண்டு பட்டங்களையும் ஒருங்கே பெற்ற ஒன்றுக்கு அரசாங்கமே வேலி போட்டு மரியாதை செய்வதைக் கண்டபோது சற்று வெட்கமாகத்தான் இருந்தது. தவிரவும், அன்று என் கண் பார்வையில் இருந்தவற்றுள், வைத்த இடத்தில் இருந்தது அது ஒன்றே.

புறப்படும் வேளையில் டவுசர்ப் பைகளைச் சோதித்து, எடுத்துப்போகக் கூடாத கற்களையெல்லாம் பறிமுதல் செய்தேன். இம்முறை லீடரை நம்பாமல் நானே மும்முறை எண்ணினேன், மும்முறையும் 42! ஆசிரிய வாழ்வில் அத்தகைய ஆனந்தம் அபூர்வம். அந்த ஆனந்தத்தில் பஸ்ஸின் முதுகில் ஓங்கித் தட்டி, "ரைட்!" என்று முழங்கிவிட்டு, கற்களை இருந்த இடத்தில் போட்டுவரத் திரும்பினேன். பஸ் போய்விட்டது. கூட வந்த டிரில் மாஸ்டர் முன்சீட்டில் நித்திரையில் இருந்தார் என்பது பிற்பாடு தெரிந்தது.

கல்மரமும் நானும் அரைமணி நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு பஸ் திரும்பி வந்தது. லீடர் குதித்திறங்கி, மிக்க பணிவோடு, "நாப்பத்திரண்டு பேரும் சரியா இருக்கோம் சார், உங்களத்தான் காணோம்" என்றான். காலையில் நான் சொன்ன சொல் அவன் நாக்கு நுனியில் நின்றது என் கண்ணுக்கே தெரிந்தது. அதை அவன் விழுங்கிவிட்டான். கையிலிருந்த கடைசிக் கல்லைக் கீழே போட்டுவிட்டு, நாற்பத்து மூன்றாவது தலையாக நான் பஸ்ஸில் ஏறினேன்.