வண்டி யார் பேர்ல?

ராஜபாளையத்தைச் சுற்றியுள்ள மில்களில் மேனேஜர் நாற்காலி வரைக்கும் ஏறிவிட்டவர்களுக்கு, ஐம்பது வயதை ஒட்டி ஒரு நோய் வரும். சர்க்கரை, பிரஷர் வரிசையில் மூன்றாவதாக இதைச் சேர்க்கலாம். “உங்களுக்கு ஒரு கார் போட்டுத் தாரோம் சார்” என்று கம்பெனி சொல்லும் அன்றைக்கு அது தொடங்கும். கம்பெனி காரை வாங்கிக்கொள்வதா, வீட்டில் நிற்கிற சொந்தக் காரையே ஓட்டிக்கொண்டு பெட்ரோல் பில்லை நீட்டிக் காசு வாங்குவதா? இந்தக் கேள்வி உள்ளே புகுந்த மனிதர் அப்புறம் லேசில் தூங்குவதில்லை.

இந்த இனத்தின் உத்தம மாதிரி ஒருவர் எங்கள் சோழபுரத்தில் இருக்கிறார். பெயர் வேண்டாம். ஊரில் அவரை மேனேஜர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டம்மாவும் அப்படித்தான், கோபம் வந்தால் மட்டும். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய நாளிலிருந்து இந்தப் பக்கத்தில் மில் மேனேஜர் என்றால் ஒரு தனி மரியாதை. அந்த மரியாதைக்குச் சக்கரம் கட்டிக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்றுதான் அவர் யோசித்தார். யோசனையை வெளியே காட்டாமல், கணக்கு நோட்டு ஒன்று போட்டார்.

நோட்டின் இடது பக்கம் கம்பெனி கார். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரலில் நடப்புக்கு வருவதற்கு முந்தைய காலம் அது. 1962-ஆம் வருஷத்து விதிகள்தான் வேதம். கம்பெனி கொடுத்த கார் ஆபீஸ் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் கலந்து ஓடினால், 1.6 லிட்டர் எஞ்சின் வரைக்கும் மாதம் 1,800 ரூபாயைச் சம்பளத்தோடு கூட்டி வரி போடுவார்கள். அதைவிடப் பெரிய எஞ்சினுக்கு 2,400. டிரைவருக்குத் தனியாக 900. சின்னக் காரும் டிரைவருமாக வருஷத்துக்கு 32,400 ரூபாய். முப்பது சதவீத வரிக்காரருக்கு செஸ்ஸோடு சேர்த்து ஏறக்குறைய 10,100 ரூபாய் வரி. “பெட்ரோல் அவங்க, டயர் அவங்க, இன்சூரன்ஸ் அவங்க, டிரைவர் சம்பளம் அவங்க. நம்ம கையை விட்டுப் போறது மாசம் 850 ரூபாகூட இல்ல” என்று டீக்கடையில் வைத்துச் சொன்னார். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஜெர்மனியில் இருக்கும் தங்கை மகனிடமும் போனில் விசாரித்தார். அங்கே பெட்ரோல் காரென்றால் பட்டியல் விலையில் ஒரு சதவீதத்தை மாதாமாதம் வருமானத்தில் சேர்ப்பார்களாம். வீட்டிலிருந்து ஆபீஸ் தூரத்துக்கு, கிலோமீட்டருக்கு 0.03 சதவீதம் வேறு. பத்து லட்ச ரூபாய்க் காருக்கு மாதம் பத்தாயிரத்தை வருமானம் என்கிறான் ஜெர்மன்காரன் என்று தெரிந்ததும், இந்திய அரசாங்கத்தின் மேல் அவருக்கு முதல் தடவையாகப் பாசம் வந்தது.

வலது பக்கம் சொந்தக் கார். வெள்ளை ஆல்டோ. தொடர்ந்து ஐந்து வருஷம் இன்சூரன்ஸில் ஒரு பைசா க்ளைம் கேட்காததால் 50 சதவீதம் நோ க்ளைம் போனஸ் சேர்ந்திருந்தது. இடையில் ஒரு மாட்டுவண்டி உரசியபோதுகூட, போனஸ் போய்விடும் என்று தானே உட்கார்ந்து பட்டி பார்த்தவர் அவர். காரை விற்றாலும் அந்த போனஸுக்கு ஒரு சர்டிபிகேட் வாங்கி வைத்துக்கொண்டு, மூன்று வருஷத்துக்குள் தன் பேரில் வாங்கும் அடுத்த காருக்கு மாற்றிக்கொள்ளலாம். கம்பெனி பேரில் உள்ள காருக்கு மாற்ற முடியாது. “அஞ்சு வருஷத் தவம்யா” என்று பெருமூச்சு விட்டார்.

கூட்டிக் கழித்துப் பார்த்து அவர் எடுத்த முடிவு, கம்பெனி காரை வாங்குவது, ஆல்டோவை விற்காமல் வைத்துக்கொள்வது. நோட்டில் எந்தப் பக்கமும் இப்படி ஒரு விடை இல்லை. ஆல்டோ வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகைக்குள், நிலைக்கு வந்த ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் மாதிரி அமர்ந்துவிட்டது. கம்பெனி கார் சீட்டில் வெள்ளை டவல் விரித்து வாசலில் நின்றது. இரண்டு கார் எதற்கு என்று ஊர் கேட்டது. பதில் ஆடி மாதம் தெரிந்தது.

ஆடிப்பூரத்துக்கு நாலு நாள் முன்னால் சின்ன மாமனார் வந்தார்.

“மாப்ள, ஆண்டாள் தேருக்கு நாங்க அஞ்சு பேரு. காரை அனுப்பி வைங்க.”

“உங்களுக்கு இல்லாத காரா மாமா? ஆனா கம்பெனி கார் பாருங்க. மீட்டர் ஓடுனா கணக்குச் சொல்லணும்.”

“அப்ப அந்த ஆல்டோவ...”

“அதுக்கு பேட்டரி இறங்கிக் கெடக்கு மாமா.”

பேட்டரி இறங்கவில்லை. முந்தின இரவே பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு போய் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, துணி சுற்றி ஓரமாக வைத்திருந்தார். பொங்கல், பங்குனிப் பொங்கல், முகூர்த்த நாள் எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த ஸ்பேனர் வேலை செய்யும். காலண்டரில் சிவப்பு மையில் இருப்பது அரசு விடுமுறை; பேனாவால் வட்டம் போட்டிருப்பது டெர்மினல் கழற்றும் நாள்.

கம்பெனியிடமும் இதே வித்தைதான், தலைகீழாக. ஞாயிற்றுக்கிழமை பெரிய ஆபீஸிலிருந்து, “அவசரமா மதுரை வரைக்கும் போயிட்டு வந்திருங்க” என்று போன் வரும். “சார், டிரைவருக்கு இன்னைக்கு லீவு, கம்பெனி கார் மில் ஷெட்டுல நிக்கி. என் கார் ரொம்பப் பழசு சார், மதுரை தாங்காது” என்பார் பணிவாக. அன்று சாயங்காலமே மதுரை தாங்காத ஆல்டோ, குடும்பத்தையும் ஒரு கூடை மாம்பழத்தையும் பின் சீட்டில் ராஜபாளையம் நாயையும் ஏற்றிக்கொண்டு அய்யனார் கோயில் பக்கம் மலையடிவாரத்துக்குச் சீறிக்கொண்டு போகும். நாய் கம்பெனி காரில் ஏறியதே இல்லை. டவலில் முடி ஒட்டும் என்பது காரணம்.

சொந்தக்காரன் கேட்டால் கம்பெனி கார், கம்பெனி கேட்டால் சொந்தக் கார். வரிச் சலுகை, போனஸ் சர்டிபிகேட் எல்லாம் டீக்கடைக்கு. மனுஷன் வாங்கிக்கொண்டது, முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லத் தெரியாதவனுக்குத் தேவைப்படும் ஒரு சாக்கு. பெண் எடுத்தவர், கொடுத்தவர், பங்காளி, பக்கத்து வீடு என்று நாலாபக்கமும் முறை சொல்லி வாழும் ஊரில் அந்தச் சாக்குக்கு என்ன விலையும் கொடுக்கலாம்.

இதில் அவருக்கு ஒரே தொல்லை, லாக் புக். கார் முழுக்க முழுக்க ஆபீஸ் வேலைக்கே ஓடியது என்று தேதி, போன இடம், கிலோமீட்டர், செலவு எழுதி வைத்து, கம்பெனியும் சர்டிபிகேட் கொடுத்தால் அந்த 1,800-க்கும் வரி இல்லை. விடுவாரா? ஒரு நாள் அவர் வீட்டுத் திண்ணையில் அந்தப் புத்தகம் திறந்து கிடந்தது. “சத்திரப்பட்டி: பேண்டேஜ் துணி நிலவரம்.” அன்று அங்கே மச்சினர் வீட்டில் கிடாவெட்டு. “தளவாய்புரம்: நைட்டி வியாபாரிகள் சந்திப்பு.” காதுகுத்து. “ஸ்ரீவில்லிபுத்தூர்: பஞ்சு சம்பந்தமாக.” அதே பக்கத்தில் பால்கோவா எண்ணெய் இறங்கி, கிலோமீட்டர் கட்டம் கண்ணாடி போல் மின்னியது. வீட்டம்மா காபியை வைத்துவிட்டு ஒரு பார்வை பார்த்தார். “தேர் வடம் பிடிச்சதையும் சரக்கு நகர்த்துனதுன்னு எழுதிட்டீகளா, மேனேஜர்?”

மாமா கேட்டபோது மீட்டர் ஓடக்கூடாது என்ற கார் தேருக்கு எப்படிப் போனது என்று அந்த அம்மா கேட்கவில்லை. அவரும் அந்தக் காரில்தான் போயிருந்தார்.

மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோதுதான் ஆள் லேசாக ஆடிப்போனார். கம்பெனி கார், டிரைவர் கதவைத் திறந்துவிட, இடது பக்கப் பின் சீட்டிலிருந்து இறங்கினார். பெண்ணின் தாத்தா காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “நல்ல கார். ஆர்.சி. புக்கு யார் பேர்ல?” என்று கேட்டார். கேசரி வருவதற்குள் மேனேஜருக்கு இரண்டு தடவை புரையேறியது. சம்பந்தம் முடிந்துவிட்டது, ஆனால் அந்தக் கேள்வி உள்ளே தங்கிவிட்டது.

ஓய்வு பெறும்போது காரைக் கம்பெனியிடமிருந்து தானே வாங்கிக்கொண்டார். அதற்கும் விதி உண்டு. முழுதாக ஓடிய ஒவ்வொரு வருஷத்துக்கும் இருபது சதவீதம் மேனிக்குக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பத்து லட்சம் கொடுத்து வாங்கிய கார் ஐந்து வருஷம் முடிந்ததும் 3,27,680 ரூபாய். அதற்குக் குறைத்துக் கொடுத்தால், குறைத்த தொகைக்கும் வரி. மேனேஜர் மொத்தத்தையும் எண்ணிக் கட்டினார். ஆல்டோவை விற்று, போனஸ் சர்டிபிகேட்டை இந்தக் காருக்கு மாற்றி, பூசணிக்காய் சுற்றி உடைத்து, எலுமிச்சம்பழத்தில் ஏற்றி இறக்கினார். கடைசியில் கம்பெனி காரும் அதுவே, சொந்தக் காரும் அதுவே. பத்து வருஷக் கேள்வி முடிந்தது என்று தெருவே நிம்மதி அடைந்தது.

சின்ன மாமனாருக்கும் நிம்மதி. அந்த வருஷம் ஆடிப்பூரத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட்டார்.

“மாப்ள, இப்ப கம்பெனி தொல்லை இல்ல. மீட்டரு, கணக்கு ஒண்ணும் இல்ல. நாங்க ஏழு பேரு.”

மேனேஜர் நிதானமாக வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

“நீங்க கேட்டு இல்லைன்னா சொல்லப் போறேன் மாமா? போன வாரந்தான் காரை மகன் பேருக்கு மாத்துனேன். அவனை ஒரு வார்த்தை கேட்கணும். பெங்களூர்ல மீட்டிங்குல இருப்பான், போனை எடுக்க மாட்டான்.”