படையோடு போய் உதவுவது எப்படி?

அயல்நாட்டில் ஜனங்கள் கொதித்து எழுந்திருக்கிறார்களா? உங்களிடம் போர் விமானங்கள் சும்மா நிற்கின்றனவா? உள்ளூரில் தேர்தல் வேறு நெருங்குகிறதா? அப்படியானால் இந்தக் கையேடு உங்களுக்குத்தான். எழுதுகிறவன் புதுச்சேரிப் பக்கத்துச் செல்லிப்பட்டுக்காரன். 2011-ல் பிரான்ஸ் தலையிட்ட லிபியா விவகாரத்தில் இவனுக்கென்ன பேச்சு என்று ஒதுக்கிவிடாதீர்கள். எங்கள் வில்லியனூரும் தெற்கே பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்ததே இப்படிப்பட்ட ஓர் உதவிக்குக் கூலியாகத்தான்.

முதலில், உங்களை அழைக்க ஓர் ஆள் வேண்டும். அழையாமல் போனால் அதற்குப் படையெடுப்பு என்று பெயர். ஆகவே ஆளை முன்கூட்டியே பிடித்துவைப்பது நல்லது. சந்தா சாகிபு மராத்தியரிடம் சிறைப்பட்டுக் கிடந்தபோது அவர் குடும்பத்துக்குப் புதுச்சேரிதான் தஞ்சம் கொடுத்தது. ஆற்காட்டு நவாபு பட்டம் எனக்கே என்று அவர் திரும்பி வந்தார். புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே படையோடு தயாராக இருந்தார். 1749 ஆகஸ்டில் இவர்களை எதிர்த்து நின்ற ஆம்பூர்ப் போரில் அப்போதைய நவாபு அன்வருத்தீன் கான் மாண்டார். வில்லியனூர், பாகூர் வட்டாரத்துக் கிராமங்கள் நன்றிக்கடனாகப் பிரெஞ்சுக் கம்பெனிக்கு வந்துசேர்ந்தன. கிராமத்தாரை யாரும் கேட்கவில்லை. கேட்பது வழக்கமும் இல்லை.

இப்போதெல்லாம் இந்த வேலை சீக்கிரமாக முடிகிறது. 2011-ல் பெங்காசியில், லிபியாவை ஆண்ட கடாபிக்கு எதிராகக் கிளம்பியவர்களை பெர்னார்-ஆன்றி லெவி என்ற பிரெஞ்சு எழுத்தாளர் போய்ச் சந்தித்தார். மார்ச் 10-ல் அவர்களுடைய பிரதிநிதிகள் பாரிசில் அதிபர் சர்கோசியின் மாளிகையில் இருந்தார்கள். லிபிய மக்களின் முறையான பிரதிநிதிகள் இவர்களே என்று பிரான்ஸ் அன்றைக்கே அறிவித்தது. 19-ஆம் தேதி பிரெஞ்சு விமானங்கள் குண்டு போட்டாகிவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை: எழுச்சி என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிடாதீர்கள். எந்த ஊர் எழுச்சி என்று பாருங்கள். அதே ஆண்டு ஜனவரியில் துனீசியத் தெருக்களில் ஜனங்கள் சுடப்பட்டுக்கொண்டிருந்தபோது, கூட்டத்தை அடக்கும் நுணுக்கத்தை உங்கள் போலீசுக்குக் கற்றுத்தரட்டுமா என்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் அலியோ-மாரி கேட்டார். பிற்பாடு பதவியை விட வேண்டிவந்தது, பாவம். பஹ்ரைன் இன்னும் சிக்கலான ஊர். அமெரிக்காவின் ஐந்தாவது கடற்படைக்கு அங்கேதான் தலைமையகம். மார்ச் 14-ல் சவுதிப் படை பாலத்தைக் கடந்து அரசருக்கு ஆதரவாக உள்ளே நுழைந்தது. வாஷிங்டன் இரு தரப்பும் நிதானம் காக்கும்படி கேட்டுக்கொண்டது. மூன்றே நாளில், 17-ஆம் தேதி, லிபிய மக்களைக் காக்க ஐ.நா. பாதுகாப்பு அவையில் 1973-ஆம் எண் தீர்மானம் நிறைவேறியது. ஒரே வாரத்தில் இரண்டு அரபு நாடு, இரண்டு நியாயம். கை நடுங்காமல் இதைச் செய்யப் பழக வேண்டும்.

காரணம் என்று எப்போதும் ஒன்றைத்தான் வெளியே சொல்லுங்கள். உள்ளே நாலைந்து இருக்கட்டும். சர்கோசிக்கு ஐந்து இருந்ததாக அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளிண்டனுக்கு அவருடைய நண்பர் சிட்னி புளூமெந்தால் எழுதினார். பிரெஞ்சு உளவுத்துறையினரிடம் கேட்டறிந்த செய்தி அது. பிரிட்டிஷ் நாடாளுமன்ற வெளியுறவுக் குழு 2016 அறிக்கையில் அதை எடுத்துக்காட்டியது. லிபிய எண்ணெயில் கூடுதல் பங்கு, வட ஆப்பிரிக்காவில் செல்வாக்கு, உள்நாட்டில் அதிபரின் மதிப்பு, பிரெஞ்சுப் படையின் பலத்தை உலகுக்குக் காட்டுவது, பிரெஞ்சு பேசும் ஆப்பிரிக்காவில் கடாபி காலூன்றாமல் தடுப்பது. ஐந்தில் பெங்காசி ஜனங்கள் எங்கே என்று தேடாதீர்கள்.

எல்லாம் எண்ணெய்க்காகத்தான் என்று டீக்கடையில் அடித்துச் சொல்பவர்களையும் நான் நம்புவதில்லை. நாளொன்றுக்குச் சுமார் 16 லட்சம் பீப்பாய் எண்ணெய் எடுத்து, அதில் பெரும்பகுதியைக் கடாபியே ஐரோப்பாவுக்கு ஒழுங்காக விற்றுக்கொண்டுதான் இருந்தார். 2007 டிசம்பரில் அவர் பாரிசுக்கு வந்தபோது அரசு விருந்தினர் மாளிகைத் தோட்டத்தில் கூடாரம் அடிக்க இடம் கொடுத்தவரும் இதே சர்கோசிதான். எண்ணெயைவிட மானப் பிரச்சினை, தேர்தல், துனீசியாவில் பட்ட அவமானத்தைத் துடைப்பது ஆகியவைதான் அதிகம் வேலை செய்தன என்பது என் கணிப்பு. ஆயுத விளம்பரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லிபியா வானில் முதல்நாளே பறந்த பிரெஞ்சுப் போர் விமானம் ரஃபேலை, 2012 ஜனவரியில் நம் இந்தியா தேர்ந்தெடுத்தது. அந்த ஐ.நா. தீர்மானத்தில் நாம் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

பெங்காசிக்காரர்களின் பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. கடாபி எப்படிப்பட்டவர் என்பது அவர்களுக்குத் தெரியும். அபாயம் மிகைப்படுத்தப்பட்டது என்று மேற்படி பிரிட்டிஷ் குழு சொன்னது வேறு விஷயம். பயம் நிஜமாக இருந்தால்தான் உங்கள் தொழில் நடக்கும்.

போன இடத்தில் லாபம் வேறு பக்கம் தெரிந்தால் பக்கம் மாறலாம். இதில் ஆங்கிலேயரே குரு. 1749-ல் தஞ்சாவூர் சிம்மாசனம் கேட்டு வந்த சாகுஜிக்காகப் படை அனுப்பினார்கள். கொள்ளிடம் முகத்துவாரத்தில் தேவிகோட்டையைப் பிடித்தார்கள். பிடித்த கையோடு, யாரை இறக்குவதாகச் சொன்னார்களோ அந்தப் பிரதாபசிங்கிடமே சமாதானம் பேசினார்கள். கோட்டை கம்பெனிக்கு, சாகுஜிக்கு ஓர் உபகாரச் சம்பளம்.

சொந்தக் காசைப் போடாதீர்கள். துய்ப்ளே போட்டார். 1754-ல் திருப்பி அழைக்கப்பட்டு, செலவழித்த பணத்துக்காகக் கம்பெனியோடு வழக்காடியே 1763-ல் நொடித்துப்போய் இறந்தார். எதிராளியிடம் காசு வாங்குவதும் சிக்கல்தான். 2007 தேர்தலுக்கு லிபியப் பணம் பெற நடந்த முயற்சியில் கூட்டுச்சதி என்று 2025 செப்டம்பரில் பாரிஸ் நீதிமன்றம் சர்கோசிக்கு ஐந்தாண்டு சிறை விதித்தது. அவர் மேல்முறையீடு செய்திருக்கிறார்.

உதவி கேட்டவரின் கதி உங்கள் கவலை அல்ல. சந்தா சாகிபின் தலை 1752-ல் போயிற்று. அவருக்கு எதிராக ஆங்கிலேயர் உதவியால் வென்ற, அன்வருத்தீன் மகன் முகமது அலி கடனில் மூழ்கினார். 1801-ல் ஆற்காட்டு நவாபின் கர்நாடக நாடே ஆங்கிலேயக் கம்பெனிக்குப் போனது.

கடைசியாக, வெளியேறுவது. பழைய முறைப்படி வந்தவர்கள் தங்கிவிடுவார்கள். வில்லியனூரையும் பாகூரையும் 1783 வெர்சாய் உடன்படிக்கையில் பெயர் குறிப்பிட்டே பேரம் பேசினார்கள். பிரெஞ்சுக்காரர் இங்கிருந்து கிளம்ப 1954 நவம்பர் ஆனது. நடுவில் எங்கள் சங்கராபரணி ஆற்றில் ஒரு படுகை அணை கட்டினார்கள், அதை இல்லையென்று சொல்ல மாட்டோம். புதிய முறையில் அந்தத் தொல்லையும் கிடையாது. 2011 அக்டோபர் 20-ல் கடாபி கொல்லப்பட்டார். குண்டுவீச்சை நடத்திவந்த நேட்டோ 31-ஆம் தேதி கடையைக் கட்டியது. மறுநாளைக்கு என்ன என்று திட்டமிடாததே தன் பதவிக்காலத்தின் மிகப் பெரிய தவறு என்று ஒபாமா 2016-ல் ஒப்புக்கொண்டார். திரிபோலியில் ஓர் அரசு, கிழக்கே இன்னோர் அதிகாரம் என்று லிபியா பிளந்து கிடக்கிறது. 2021 டிசம்பர் 24-ல் நடக்கவேண்டிய அதிபர் தேர்தல் அன்று நடக்கவே இல்லை.