கொள்ளு கொஞ்சம், புல் நிறைய

கேள்வி: எங்கள் மட்டக்குதிரைக்குப் பாண் என்றால் உயிர். சீனி தொட்டுக் கொடுத்தால் வாசல்வரை ஓடிவரும். புல்லை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மிருக வைத்தியரோ சீனியை நிறுத்து, நாரைக் கூட்டு என்கிறார். எங்கே தொடங்குவது?
– வாசகர், கடுகண்ணாவை

பதில்: பாண் வாங்கப் பேக்கரிக்குப் போனது குதிரை இல்லையே! முதலில் அதன் வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். குதிரையின் கடைவாய்ப் பற்கள் ஆயுளில் பெரும்பகுதி ஈறிலிருந்து மேலே வந்துகொண்டே இருக்கும். ஓரங்கள் கூராகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். புல்லைப் பாதி மென்று உருண்டையாகத் துப்புகிறதா? அப்படியானால் அது செல்லம் இல்லை, பல்வலி. பாண் நோகாது, நார் நோகும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடம் உங்களுக்குக் கண்டி வீதியில் சற்றுத் தூரம்தான்.

பல் சரி என்றால், பாணை நிறுத்த நல்ல நாள் பார்க்க வேண்டாம். புதுத் தீவனத்தை மட்டும் 10 முதல் 14 நாளில் சிறுகச் சிறுகக் கூட்டுங்கள். குடலில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் பழக அவ்வளவு நாள் பிடிக்கும். ‘பசித்தால் தானே தின்னும்’ என்று பட்டினி போடாதீர்கள். கொழுத்த மட்டக்குதிரை பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு கரைந்து இரத்தத்தில் ஏறி, ஈரலைக் கெடுத்து, உயிரையே கொண்டுபோய்விடும். ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லையா? வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: குதிரைக்குமா சீனி வருத்தம்?
– வாசகி, கம்பளை

பதில்: நமக்கு வருவது அதற்கு அப்படியே வருவதில்லை. நம்மில் பலருக்கு இன்சுலின் போதாமல் போகிறது. கொழுத்த குதிரைக்கு அது அளவுக்கு மிஞ்சிச் சுரக்கிறது. விளைவு நேரே குளம்பில் தெரியும். குளம்புச் சுவரையும் உள்ளிருக்கும் எலும்பையும் நகமும் சதையுமாகப் பிடித்து வைத்திருக்கும் மெல்லிய திசு நைந்துபோகும். முன்னங்கால்களை நீட்டி, பாரத்தைப் பின்னால் சாய்த்து நிற்கிறதா? குளம்பு சுடுகிறதா? பிடரியில் கொழுப்பு திரண்டு கெட்டியாகிவிட்டதா? காத்திருக்க வேண்டாம். இப்படிப்பட்ட குதிரைக்குத் தீவனத்தின் உலர்எடையில் சீனியும் மாச்சத்தும் சேர்ந்து 10 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பதுதான் பொதுவான கணக்கு. ‘சேர்ந்து’ என்பதைக் கவனியுங்கள். ‘சீனி போடவில்லை, சோறுதான் வைத்தேன்’ என்ற வாதம் அங்கே எடுபடாது.

கேள்வி: கித்துள் பாணி இயற்கையானதுதானே?
– வாசகர், மாவனல்லை

பதில்: இயற்கைதான். குளம்புக்கு அது தெரியாது.

கேள்வி: சோறு தின்றால் குதிரைக்கு என்ன குறைந்துவிடும்?
– வாசகர், கொழும்பு

பதில்: குதிரையின் எண்ணிக்கை குறைந்துவிடும். 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் அரபு நாட்டிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கினார்கள். காயல் துறைமுகத்தில் வந்து இறங்கிய அவற்றில் பெரும்பாலானவை நீண்ட நாள் தாங்கவில்லை. அங்கே சோற்றோடு இறைச்சியை வேகவைத்துக் குதிரைக்குக் கொடுத்தார்கள் என்று மார்க்கோ போலோ எழுதிவைத்தார். வறுத்த தானியம், நெய், காய்ச்சிய பால் என்று பட்டியல் போட்டார் பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப். வெயிலையும் சேர்த்துத்தான் பழி சொன்னார்கள் என்றாலும், விருந்து வைத்தே குதிரைப்படையைக் கரைத்த பெருமையில் நமக்கும் பங்கு உண்டு. புல்லுக்குச் செலவழித்திருந்தால் கப்பலுக்குச் செலவு குறைந்திருக்கும்.

கேள்வி: ஒரு நாளைக்கு எவ்வளவு புல்? குதிரையை நிறுக்க எங்களிடம் தராசு இல்லை.
– வாசகி, பிலிமத்தலாவை

பதில்: தையல்காரரின் அளவுநாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். தோள் முனையிலிருந்து புட்டத்தின் முனைவரை நீளத்தையும் எடுங்கள். இரண்டும் சென்ரிமீற்றரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறத்தாழ கிலோக் கணக்கு வரும். சுற்றளவு 140, நீளம் 130 என்றால் 214 கிலோ.

அந்த எடையில் 2 வீதம் உலர்புல் வேண்டும். அதாவது நாலே கால் கிலோ. பசும்புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர் என்பதால், வெட்டிய புல்லாக 20 கிலோவுக்கு மேல். உடம்பைக் குறைக்க வேண்டிய குதிரைக்கு 1.5 வீதம்வரை இறங்கலாம். அதற்குக் கீழே இறங்குவது வைத்தியர் கண்முன்னே மட்டும். ஒரே கட்டாகப் போடாதீர்கள். குதிரையின் இரைப்பை சிறியது, அமிலம் நாள் முழுக்கச் சுரப்பது. உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும் வருவது. நாலைந்து தடவையாகப் பிரித்துப் போட்டால் வயிற்றுப்புண்ணும் வராது, தொழுவத்துக் கதவைக் கடிக்கும் வேலையும் குறையும்.

கேள்வி: மாட்டுக்குக் கினிப்புல்லும் சிஓ-3 புல்லும் வெட்டுகிறோம். அதே கட்டில் குதிரைக்கும் உருவிப் போட்டால் போதாதா?
– பால் பண்ணையாளர், கண்டி

பதில்: போடலாம், அதை மட்டுமே போடக்கூடாது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் தந்த சிஓ-3 நார் நிறைந்ததுதான். ஆனால் சிஓ-3 சேர்ந்த நேப்பியர் வகை, கினி போன்ற வெப்பநாட்டுப் புற்களில் ஒக்சலேற்று இருக்கிறது. அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாட்டின் முதல் வயிற்று நுண்ணுயிர்கள் அதைப் பெருமளவு உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வயிறு இல்லை. மாதக்கணக்கில் அந்தப் புல்லே கதி என்றால் எலும்பிலிருந்து சுண்ணாம்பு உருவப்பட்டு, முகவெலும்பு வீங்கி, கால் நொண்டும். அதன்மேல் ஒரு வாளி அரிசித் தவிடும் வைத்தால் கேட்கவே வேண்டாம். தவிட்டில் பொசுபரசு அதிகம், சுண்ணாம்பு சொற்பம். வரம்பிலும் தோட்டத்திலும் கிடைக்கும் பலவகைப் புல்லைக் கலந்து போடுங்கள். சுண்ணாம்புச் சத்துள்ள தாதுக்கலவை எவ்வளவு என்று வைத்தியரைக் கேட்டுச் சேருங்கள்.

கேள்வி: வைக்கோலில் சீனியே இல்லையே, அதையே வைத்துவிட்டால்?
– வாசகர், மாத்தளை

பதில்: சீனி குறைவுதான், சத்தும் குறைவு. நெல் வைக்கோல் கடினமானது. அதை மட்டும் தின்று, தண்ணீரும் குறைந்தால் குடலில் அடைத்துக்கொள்ளும். புல்லோடு ஒரு பங்கு கலக்கலாம். பூஞ்சணம் பிடித்த பிடியை வீசிவிடுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான்.

கேள்வி: தேங்காய்ப் புண்ணாக்கு?
– வாசகர், குருநாகல்

பதில்: வெளிநாட்டில் இதைப் பையில் போட்டு, குதிரைப் படம் அச்சிட்டு, சீனி குறைந்த தீவனம் என்று விற்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் நல்ல வியாபாரம். மாச்சத்து மிகக் குறைவு; நாரும் எண்ணெயும் புரதமும் உண்டு. நம் ஊரில் பசு மட்டும்தான் அதன் அருமை அறியும். மூன்று நிபந்தனைகள்: தண்ணீரில் நன்றாக ஊறவேண்டும், ஊறியதை அன்றே தின்னவேண்டும், காறல் வாடையோ பூஞ்சணமோ இருந்தால் தொடக்கூடாது. முதல் நாள் ஒரு கைப்பிடி. கொழுத்த குதிரைக்கு அந்தக் கைப்பிடியே ஆயுள் முழுக்கப் போதும், எண்ணெயும் கொழுக்க வைக்கும்.

கேள்வி: கோழித்தீவனம் மிச்சம் கிடக்கிறது. கலக்கலாமா?
– வாசகர், கேகாலை

பதில்: கூடவே கூடாது. கோழிக்குக் குடல்நோய் வராமல் சேர்க்கும் மொனென்சின் போன்ற மருந்து, குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். மிச்சம் கோழிக்கே.

கேள்வி: வேலியில் கிளிரிசிடியாவும் இபில்-இபிலும் தழைத்து நிற்கின்றன. ஆடு ஆசையாகத் தின்கிறது.
– வாசகி, அக்குறணை

பதில்: ஆட்டைப் பார்த்துக் குதிரையை வளர்க்காதீர்கள். கிளிரிசிடியா குதிரைக்கு நஞ்சு. இபில்-இபிலைத் தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் உதிர்ந்துவிடும். மொட்டை வாலோடு நிற்கும் குதிரையை எந்தச் சுற்றுலாப் பயணியும் படம் எடுக்கமாட்டார்.

கேள்வி: பாட்டன் காலத்தில் குதிரைக்குக் கொள்ளுதானே போட்டார்கள்?
– வாசகர், கடுகண்ணாவை

பதில்: போட்டார்கள், வேலையும் வாங்கினார்கள். 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே தபால் வண்டி ஓடத் தொடங்கியது. ஆசியாவிலேயே முதல் குதிரைத் தபால் வண்டி என்பார்கள். அதை உங்கள் கணவாயில் இழுத்து ஏற்றிய குதிரைக்குக் கொள்ளு தகும். வீதி போட்ட கப்டன் டோசனுக்குக் கோபுரம் எழுப்பினோம். வண்டியிழுத்த குதிரைகளுக்கு எழுப்பவில்லை. 1867இல் ரயில் கண்டிக்கு வந்ததும் அவற்றுக்கு அந்த வேலையும் போயிற்று. உங்கள் மட்டக்குதிரை ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளையைச் சுமந்து முற்றத்தைச் சுற்றுகிறது. கொள்ளிலும் மாச்சத்து நிறைய உண்டு. கட்டாயம் வேண்டுமென்றால் வேகவைத்து, சிறு கைப்பிடி. குளம்பு நோய் வந்த குதிரைக்கு அதுவும் வேண்டாம்.

கேள்வி: புதுத் தீவனத்தை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. ருசி ஏற்ற வழி?
– வாசகி, பேராதனை

பதில்: அஞ்சறைப்பெட்டியைத் திறவுங்கள். 2005இல் சதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குதிரைகளுக்குப் பலவித வாசனைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். முதலிடம் வெந்தயத்துக்கு, அடுத்து வாழைப்பழத்துக்கு, சீரகமும் முன்வரிசையில். வாழைப்பழத்தில் சீனி இருக்கிறது, விட்டுவிடுங்கள். வெந்தயப் பொடி ஒரு சிட்டிகை ஊறிய தீவனத்தில் தூவினால் போதும். உப்பும் மறக்கவேண்டாம்: மட்டக்குதிரைக்கு நாளுக்கு இரண்டு தேக்கரண்டி, பக்கத்தில் எப்போதும் நல்ல தண்ணீர்.

கேள்வி: மேய விடுவது காலையிலா, மாலையிலா?
– வாசகர், நுவரெலியா

பதில்: விடிகாலையில். பகல் முழுக்க வெயிலில் புல் சீனி சமைக்கிறது, இரவில் அதைச் செலவழிக்கிறது. பின்னேரப் புல்தான் இனிப்பு. ஆனால் உங்கள் ஊரில் உறைபனி விழுந்த காலையில் அவிழ்த்து விடாதீர்கள். குளிரில் புல் வளராது, சீனி செலவாகாமல் அப்படியே நிற்கும்.

கேள்வி: நெடுந்தீவுக் குதிரைகளுக்கு யார் இந்தக் கணக்கெல்லாம் பார்க்கிறார்கள்?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: யாரும் இல்லை. ஐரோப்பியர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை, காய்ந்த புல்லைத் தேடி நாள் முழுக்க நடக்கின்றன. அதற்காக அதைச் சொர்க்கம் என்று எண்ணாதீர்கள். கோடையில் தண்ணீரில்லாமல் சாகவும் செய்கின்றன. அவற்றிடமிருந்து நடையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குளம்பு நோகாத குதிரைக்குத் தினமும் நடப்பதைவிட மலிவான மருந்து இல்லை.

கேள்வி: எல்லாம் செய்து குதிரை மெலிந்தால், பட்டினி போடுகிறேன் என்று ஊர் பேசுமே?
– வாசகி, கடுகண்ணாவை

பதில்: விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது, தடவினால் கைக்குத் தட்டுப்பட வேண்டும். ஊர் கண்ணால் பார்த்துப் பேசட்டும். நீங்கள் கையால் பாருங்கள்.