வகுப்பு 41

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். அந்தப் பிடுங்கலுக்கும் இப்போது ஆன்லைனில் படிவம் உண்டு.

2025 மே 7 அதிகாலையில் காஷ்மீரின் பகல்காம் படுகொலைக்குப் பதிலடியாகப் பாகிஸ்தானைத் தாக்கிய நடவடிக்கைக்கு 'ஆபரேஷன் சிந்தூர்' என்ற பெயரை ராணுவம் அறிவித்தது. பகல்காமில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் 26 பேர். கண்ணெதிரே கணவனைப் பறிகொடுத்த பெண்களின் வகிட்டுக் குங்குமத்தை நினைத்து வைத்த பெயர் அது. அன்று இருட்டுவதற்குள் அந்தப் பெயருக்கு டிரேட்மார்க் கேட்டு நான்கு விண்ணப்பங்கள். கேட்டது வகுப்பு 41. அதாவது கல்வி, விளையாட்டு, பொழுதுபோக்கு.

நான்கில் ஒன்று ரிலையன்ஸின் ஜியோ ஸ்டுடியோஸுடையது. ஊர் காறித் துப்பியதும் மறுநாளே வாபஸ். இளநிலை ஊழியர் ஒருவர் அனுமதியில்லாமல், தெரியாத்தனமாகப் போட்டுவிட்டாராம்! வாரிசுச் சான்றிதழுக்கு ஆறு மாதம் நடக்கிற நாட்டில், காலையில் பெயரைக் கேட்டு, பொருத்தமான வகுப்பைத் தேடிப் பிடித்து, அன்றே விண்ணப்பம் போட்ட ஆள். கம்பெனிக்குக் கட்டணம் வகுப்புக்கு 9,000 ரூபாய். அதையும் தெரியாத்தனமாகத்தான் கட்டியிருப்பார். இவரை இன்னும் ஜூனியராகவே வைத்திருப்பது அநியாயம்.

வெளிநாட்டிலும் இதே யோக்கியதைதான். 2011-ல் பின்லேடனைக் கொன்ற இரண்டே நாளில், அவனைக் கொன்ற அமெரிக்கக் கடற்படைப் பிரிவின் 'சீல் டீம் 6' என்ற பெயரைக் கேட்டு டிஸ்னி போய் நின்றது. பொம்மைக்கு, வீடியோ கேமுக்கு, கிறிஸ்துமஸ் காலுறைக்கு. பிறகு கடற்படை மீதுள்ள மரியாதையால் விலகிக்கொண்டதாம். 2015-ல் பாரிஸில் ஷார்லி எப்தோ பத்திரிகை அலுவலகத்தில் சுடப்பட்டவர்களின் ரத்தம் காயுமுன்னே, 'நான் ஷார்லி' என்ற பிரெஞ்சு முழக்கத்துக்குச் சுமார் 50 விண்ணப்பங்கள். பதிவகம் நிராகரித்தது, அசிங்கம் என்பதற்காக அல்ல. ஊரே சொல்கிற சொல்லுக்குத் தனித்த அடையாளம் கிடையாதாம்.

ஒரு சோப்பின் பெயரைக் கேட்டதும் மனசு இளக வேண்டுமானால் கோடிகளைக் கொட்டி வருடக்கணக்கில் விளம்பரம் போட வேண்டும். இங்கே அந்தச் செலவே இல்லை. 26 பிணங்கள் அதை இலவசமாகச் செய்துகொடுத்துவிட்டன. மிச்சம் வேலி போடுவதுதான்; அதற்குச் சட்டம் இருக்கிறது. பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் அடுத்தவன் வீட்டு ஒப்பாரி என்றென்றைக்கும் நமக்கே சொந்தம்.

இந்தக் குறியை எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்று படிவத்தில் கேட்பார்கள். இனிமேல்தான் என்றால் 'பயன்படுத்த உத்தேசம்' என்று குறித்தால் போதும். ஏப்ரல் 22-ல் பகல்காமில் செத்தவர்களுக்கு, நம் ஊர்க் கணக்கில், மே 7 பதினாறாம் நாள் காரியம். காரியத்தன்றே உத்தேசம் வந்துவிட்டது இவர்களுக்கு.