உராய்வைப் புறக்கணிக்க

மற்ஸ் அண்ணை இல்லாத ஒழுங்கை ஸ்கந்தபுரத்தில் இல்லை. எங்கள் ஒழுங்கையில் இருப்பவர் ஏஎல் கணிதப்பிரிவு, இப்போது இரண்டாம் சை. கிணற்றடிக்குக் குளிக்க வந்தாலும் காதில் பேனை செருகியிருக்கும்.

"தம்பி, ஒரு வாளி தண்ணி அள்ளித் தாவன்" என்று அம்மா கேட்டதுதான் பிழை. அண்ணை கப்பியை அண்ணாந்து பார்த்தார்.

"மாமி, இது தனி நிலைத்த கப்பி. பொறிமுறை நயம் ஒண்டுதான். விசையின்ர திசை மாறும், அளவு குறையாது. அசையும் கப்பி ஒண்டு சேர்த்தால் பாதி விசை காணும். ஆனால் கயிறு ரெண்டு மடங்கு இழுக்கவேணும்..."

அம்மா அதற்குள் மூன்று வாளி அள்ளிக் கத்தரிக்கு ஊற்றிவிட்டார். உயர்தரப் பௌதிகவியலில் 50 பல்தேர்வு வினாவுக்கு இரண்டே மணித்தியாலம். அண்ணைக்கு ஒரு வாளித் தண்ணீருக்கு அரை மணித்தியாலம்.

அவருடைய உலகத்தில் இழையெல்லாம் இலேசானது, நீளாதது; கப்பியெல்லாம் ஒப்பமானது. எங்கள் கப்பி கறள் பிடித்தது. விடியப்புறம் அது போடும் சத்தத்தில் அயலே எழும்பும். கயிற்றில் மூன்று முடிச்சு. "உராய்வைப் புறக்கணிக்க" என்பார் அண்ணை. அம்மாவின் உள்ளங்கைக் காய்ப்பை அவர் பார்த்ததில்லை. மாரியில் அக்கராயன் குளம் வான் பாய்ந்தால் ஊரே மீனுக்கு ஓடும். இவர் அழுத்தசக்தி இயக்கசக்தியாவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

நான் ஆர்ட்ஸ். தமிழ், புவியியல், இந்து நாகரிகம். "கதை எழுதிப் பாஸ் பண்ணுற பாடங்கள்" என்று சிரிப்பார். பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் எழுதவேண்டி வந்தால் மட்டும் இரவில் எங்கள் படலை திறபடும். "தம்பி, தாழ்மையுடன் எண்டதுக்கு எந்த ள?"

எனக்கும் பிசிக்ஸ் படிக்க விருப்பமிருந்ததா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நான் படித்தது 1சி பள்ளிக்கூடம். அங்கே உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும்தான். கணிதம், விஞ்ஞானம் என்றால் 1ஏபி பள்ளிக்கூடம் தேடிப் போகவேண்டும். அண்ணைக்குக் கிளிநொச்சி ரவுணில் மாமா வீடு இருந்தது, நின்று படித்தார். எனக்கு ரவுணில் மாமா இல்லை.

போன கிழமை வாளி கிணற்றுக்கட்டு மட்டத்துக்கு வந்த நேரம் நடு முடிச்சு விட்டுக்கொடுத்தது. தொபுக்கென்று சத்தம். அம்மா தலையில் கை வைத்தார். அண்ணை கண்ணை மூடி விரலை மடக்கினார்.

"ஒரு செக்கன். அஞ்சு மீற்றர். சத்தம் மேல வந்த நேரத்தைச் சேர்க்கேல்லை."

"வாளி?" என்றார் அம்மா.

அண்ணை ஒன்றும் பேசவில்லை. பேனையை என்னிடம் தந்தார், சேட்டைக் கழற்றினார், இறங்கினார். நான் கட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். இருட்டுக்குள் தண்ணீர் அளையும் சத்தம், பிறகு குரல்.

"தம்பி, ஆறு மீற்றர் வரும் போல கிடக்கு!"