செத்த பூனைக்கு ஒரு நன்றி

உங்கள் ஊரில் மியூசியம் ஒன்று ஆரம்பிக்கப்போவதாக நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள். "அவசியம் செய்யணும் சார், நம்ம வரலாறு நமக்கே தெரியல" என்று உருகுவார்கள். மறுநாளே சாமான்கள் வர ஆரம்பித்துவிடும். முள் இல்லாத கிராமபோன், மூடி தொலைந்த கூஜா, தாத்தாவின் பல்செட். பணம்? மூச்! வீட்டுப் பரணைக் காலி செய்ய இடம் கொடுத்ததற்கு நாம்தான் அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இந்தப் பேருண்மையை வலிக்க வலிக்கக் கற்றுக்கொண்டவர் சார்ல்ஸ் வில்சன் பீல். அமெரிக்கா என்ற தேசம் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. 1786-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு மியூசியத்தைத் தொடங்கினார். அவருடைய நன்கொடையாளர் பட்டியலைப் பார்த்தால் நமக்கு மயக்கமே வரும்: பெஞ்சமின் ஃபிராங்க்ளின், ஜார்ஜ் வாஷிங்டன், தாமஸ் ஜெஃபர்சன். அவர்கள் என்ன கொடுத்தார்கள் என்று பார்த்தால் மயக்கம் தெளிந்துவிடும்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். பீல் குதிரைச் சேணம் தைத்தார், கடிகாரம் ரிப்பேர் பார்த்தார், ஓவியம் வரைந்தார், பல் கட்டினார், இடையிடையே கடனும் வாங்கினார். பிள்ளைகளுக்கு ரஃபேல், ரெம்ப்ராண்ட், ரூபன்ஸ், டிஷியன் என்று பெயர் வைத்தார். ஐன்ஸ்டீன் என்று பெயர் வைத்துவிட்டு பிஸிக்ஸ் டியூஷனுக்கு அனுப்புகிற அப்பாக்களுக்கு இவரே முன்னோடி.

பீலின் அப்பா இன்னும் சுவாரசியமானவர். லண்டன் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தபோது பணத்தைக் கையாடல் செய்து மாட்டி, தூக்குத் தண்டனையிலிருந்து தப்பி, அமெரிக்காவுக்கு நாடு கடத்தப்பட்டவர். அப்பா பொதுப்பணத்தைக் கேட்காமல் எடுத்தார். மகன் ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார். எடுத்தது சுலபமா, கேட்டது சுலபமா என்று மகனிடம் விசாரித்திருந்தால் சங்கடமான பதில் வந்திருக்கும்.

மியூசியம் யோசனையே ஓர் அவமானத்தில் பிறந்ததுதான். புரட்சி வீரர்களின் ஓவியங்களை வரிசையாக மாட்டி வைத்திருந்தார் பீல். 1784-ல் யாரோ வரையச் சொல்லிச் சில ராட்சத எலும்புகளை அங்கே கொண்டுவந்து போட்டார்கள். பார்க்க வந்த மைத்துனர், இந்த எலும்புகளைப் பார்க்க இருபது மைல்கூட நடப்பேன் என்று பரவசப்பட்டார். சுவரில் மாட்டியிருந்த மாவீரர்களைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. வேறு ஓவியராக இருந்தால் மைத்துனரோடு பேச்சை நிறுத்தியிருப்பார். பீல் எலும்பு தேடக் கிளம்பினார்.

இப்போது நன்கொடைகளுக்கு வருவோம். முதலில் ஃபிராங்க்ளின். மின்னலோடு பட்டம் விட்டு விளையாடியவர், இன்றைக்கும் நூறு டாலர் நோட்டில் இருந்து நம்மைப் பார்ப்பவர். அவர் அனுப்பிய நன்கொடையில் டாலர் வாடையே இல்லை. பிரான்ஸ் நாட்டு அங்கோரா பூனை. உயர்ந்த ரகம், பட்டு மாதிரி முடி. ஒரே ஒரு குறை: செத்துப்போயிருந்தது.

பதப்படுத்தும் வித்தை அப்போது பீலுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. ஃபிராங்க்ளின் வீட்டில் ஒரு தரம் செத்த பூனை, பீல் கையில் இரண்டாம் தரமும் செத்தது. பிறகு ஆர்சனிக் போட்டுப் பதப்படுத்தக் கற்றுக்கொண்டார். பூச்சிகள் செத்தன, கூடவே பீலின் உடம்பும் கெட்டது. நன்கொடையாளர் மனசு கோணாமல் இருக்க விஷத்தில் கைவைத்த மனுஷன்! இன்றைக்கு மியூசியங்களில் டோனர் ரிலேஷன்ஸ் பார்ப்பவர்கள் பட ஸ்லைடு போட்டால் போதும்.

அடுத்து வாஷிங்டன். பிரெஞ்சு நண்பர் லஃபாயெத் அனுப்பிய பொன்னிற சீனத்து ஃபெசன்ட் பறவைகள் அவர் பண்ணையில் உலாவிக்கொண்டிருந்தன. சேதி கேள்விப்பட்ட பீல் கடிதம் போட்டார்: அவற்றுக்கு ஏதாவது ஆகிவிட்டால் உடலை எனக்கு அனுப்ப முடியுமா? பறவைகள் உயிரோடு இருக்கின்றன, கவனியுங்கள். கல்யாண வீட்டுக்குப் போய்ப் பாடைக்கு அளவெடுப்பதை எவ்வளவு மரியாதையாகச் செய்யலாம் என்பதற்கு இது ஒரு பாடம்.

வாஷிங்டன் கோபித்துக்கொள்ளவில்லை. சந்தோஷமாகத் தருகிறேன் என்று சொல்ல முடியாது, ஆனால் போகிற போக்கைப் பார்த்தால் சீக்கிரமே உங்களிடம் வந்து சேர்ந்துவிடும் என்ற தொனியில் 1787 ஜனவரியில் பதில் எழுதினார். சொல்லி வைத்த மாதிரி கொஞ்ச நாளில் ஒன்று மண்டையைப் போட்டது. கம்பளியில் சுற்றி அனுப்பினார். உங்கள் உயிலில் எங்கள் மியூசியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பணக்காரத் தாத்தாக்களிடம் பக்குவமாகப் பேசுவதற்கு இன்று லெகசி கிவிங் என்று பெயர். பீல் தாத்தாவை விட்டுவிட்டுப் பறவையிடமே உயில் வாங்கியவர்.

சரி, செத்ததை மட்டுமே வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? 1792-ல் பெரிய மனிதர்களை வைத்து ஒரு போர்டு அமைத்தார். தலைவர் ஜெஃபர்சன். உறுப்பினர்களில் ஒருவர் ஹாமில்டன், அதாவது நாட்டின் நிதி மந்திரி. கஜானாச் சாவியே கமிட்டியில் உட்கார்ந்திருக்கிறது, அப்புறம் என்ன கவலை என்கிறீர்களா? மந்திரிசபையில் அந்த இருவரும் ஒருவரையொருவர் குதறிக்கொண்டிருந்த நேரம் அது. கமிட்டியால் மியூசியத்துக்குக் கிடைத்தது லெட்டர்பேடுக்கு வேண்டிய கனமான பெயர்கள்தான்.

ஜெஃபர்சன் ஜனாதிபதி ஆனதும் பீல் நேராகவே கேட்டுவிட்டார்: அரசாங்கம் மியூசியத்தை எடுத்துக்கொள்ளுமா? 1802-ல் பதில் வந்தது. எனக்குத் தனிப்பட்ட முறையில் ஆசைதான், ஆனால் இதற்கெல்லாம் செலவழிக்க அரசியல் சட்டம் இடம் கொடுக்கிறதா என்பதில் ஒருமித்த கருத்து இல்லையே! பாவம், சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனிதர். அடுத்த வருஷமே, அதே சட்டத்தில் ஒரு வரிகூட இல்லாத நிலையில், லூசியானாவை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கிப்போட்டார்.

அதற்காக ஜெஃபர்சன் பீலைக் கைவிட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். பணம் தராத குற்ற உணர்ச்சியோ என்னவோ, தனக்குப் பரிசாக வந்த இரண்டு கிரிஸ்லி கரடிக் குட்டிகளை அனுப்பிவைத்தார். அப்பாடா, உயிரோடு ஒரு நன்கொடை! குட்டிகள் வளர்ந்தன. ஒன்று கூண்டை உடைத்துக்கொண்டு பீல் வீட்டு அடுப்படிக்குள் புகுந்தது. சுட்டுக் கொன்றார்கள். கடைசியில் இரண்டுமே பதப்படுத்தப்பட்டு மற்ற நன்கொடைகளோடு சேர்ந்துகொண்டன. பீலின் மியூசியத்தில் உயிரோடிருப்பது ஒரு தற்காலிக ஏற்பாடு.

எலும்புக் கனவை மட்டும் அவர் விடவில்லை. நியூயார்க் மாகாணத்தில் நியூபர்க் பக்கம் ஜான் மாஸ்டன் என்ற விவசாயியின் நிலத்தில் ராட்சத எலும்புகள் கிடைத்த சேதி 1801-ல் வந்தது. பீல் ஓடினார். கிடைத்த எலும்புகளுக்கு 200 டாலர், மிச்சத்தைத் தோண்டிக்கொள்ள 100 டாலர் என்று பேரம் முடிந்தது. முடிந்ததா? மகனுக்கு ஒரு துப்பாக்கி, வீட்டுப் பெண்களுக்குப் புது கவுன் என்று உப பேரம் வேறு. ஆயிரக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் கிடந்த ஜீவனுக்குச் சம்பந்தி சீர்!

ஃபிலடெல்ஃபியாவின் தத்துவக் கழகம் 500 டாலர் கடன் கொடுத்தது. நன்கொடை இல்லை, கடன். குழியில் ஊறிய தண்ணீரை இறைக்க ராட்டினம் மாதிரி ஒரு பெரிய சக்கரம் கட்டி, அதற்குள் ஆட்களை நடக்கவிட்டார்கள். வேடிக்கை பார்க்கச் சனம் திரண்டது. எலும்பு வெளியே வருவதற்கு முன்பே ஷோ ஆரம்பமாகிவிட்டது.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் எலும்புக்கூடு திறக்கப்பட்டது. மியூசியத்துக்கு 25 சென்ட், இந்த 'மாமத்' அறைக்கு மட்டும் தனியாக 50 சென்ட். உண்மையில் அது மாமத் அல்ல, அதன் தூரத்துச் சொந்தமான மாஸ்டடான். ஆனாலும் ஊரே மாமத் பைத்தியம் பிடித்து அலைந்தது. ஜெஃபர்சனுக்கு 1,235 பவுண்டு எடையில் ஒரு 'மாமத் சீஸ்' செய்து அனுப்பினார்கள் மாசசூசெட்ஸ் பக்தர்கள். பீலுக்கு யாரும் ஒரு துண்டு வெண்ணெய் அனுப்பியதாகத் தெரியவில்லை.

கிடைத்த எலும்புகளில் கட்டிய இரண்டாவது எலும்புக்கூட்டை லண்டனில் காட்டிக் காசு பார்க்கக் கிளம்பினார் மகன் ரெம்ப்ராண்ட். புறப்படும் முன் ஒரு டின்னர் வைத்தார். எங்கே? எலும்புக்கூட்டின் விலாவுக்கு அடியில் மேஜை போட்டுப் பதின்மூன்று பேர் சாப்பிட்டார்கள். பியானோ வேறு. இன்று மியூசியங்களில் டைனோசர் நிழலில் தட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று காலா டின்னர் நடக்கிறதே, அதன் கொள்ளுத்தாத்தா இதுதான். இவ்வளவு செய்த ரெம்ப்ராண்ட் அந்த மிருகத்தின் தந்தங்களைத் தலைகீழாக மாட்டினார். அப்போதுதான் பார்க்கக் கொடூரமாக இருக்குமாம். உண்மையைவிட டிக்கெட் முக்கியம்.

பின்னால் அந்தத் தோண்டலைப் பீல் பெரிய ஓவியமாக வரைந்தார். அன்று அங்கே இல்லாத சொந்தபந்தம், நண்பர்கள் எல்லோரையும் குழிக்கரையில் நிறுத்திவைத்தார். ஓவியம் முடிவதற்கு முன்பே காலமாகிவிட்ட இரண்டாம் மனைவிகூட அதில் நிற்கிறார். போட்டோஷாப் வருவதற்குக் கிட்டத்தட்ட இருநூறு வருஷம் முன்னால்! எலும்பைத் தோண்டியவர்களைவிட, தோண்டியபோது நானும் இருந்தேன் என்று சொல்லிக்கொள்ள விரும்புகிறவர்கள் அதிகம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கடைசியில் பீலைக் கைதூக்கிவிட்டது மாகாண அரசு. 1802-ல் ஸ்டேட் ஹவுஸின் மாடியை வாடகை இல்லாமல் கொடுத்தது. சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தான அதே கட்டடம். தேசம் பிறந்த இடத்துக்கு மேலே பதப்படுத்திய கரடிகள் குடியேறின. ஆனால் கூட்டத்தை மாடி ஏற்றியது கரடியும் இல்லை, மாமத்தும் இல்லை. மூலையில் இருந்த ஒரு மரச்சட்டம்.

அதன் பெயர் ஃபிஸியக்னோட்ரேஸ். சொல்வதுதான் கஷ்டம், வேலை சுலபம். பக்கவாட்டில் உட்கார வேண்டும். ஒரு கட்டை உங்கள் நெற்றி, மூக்கு, தாடையைத் தடவிக்கொண்டு இறங்க, நாலாக மடித்த வெள்ளைக் காகிதத்தில் அதே கோடு சின்னதாக விழும். கத்தரிக்கோல்காரர் கோட்டின் உட்பக்கத்தை வெட்டி எடுத்துவிடுவார். பின்னால் கறுப்புத் தாளை வைத்தால் உங்கள் நிழலுருவம் ரெடி. யோசித்துப் பாருங்கள்: முகம் வெட்டுப்பட்டுக் கீழே விழுந்துவிடுகிறது, மக்கள் ஆசையாக வீட்டுக்கு எடுத்துப்போனது முகம் இருந்த ஓட்டையை.

கூலி எட்டு சென்ட். 1803-ல் மட்டும் 8,880 நிழலுருவங்கள். தேசத் தந்தையின் பறவைக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றவர்கள், தங்கள் மூக்குக்காக வரிசையில் நின்றார்கள். அடுத்தவர் வரலாற்றைக் காட்ட இருபது வருஷமாகப் போராடினார் பீல். அவரவர் மூக்கைக் காட்டியதும் காசு தானாக வந்தது.

அந்தக் கத்தரிக்கோல்காரரின் பெயர் மோசஸ் வில்லியம்ஸ். பீல் வீட்டு அடிமை. ஆமாம், சுதந்திரப் போராட்ட வீரர்களை வரிசையாக வரைந்த அதே பீல்தான். பிள்ளைகளுக்குத் தூரிகையைக் கொடுத்தவர் மோசஸுக்குக் கத்தரிக்கோலைக் கொடுத்தார். சட்டப்படி விட வேண்டிய வயதுக்கு ஒரு வருஷம் முன்னால், இருபத்தேழு வயதில் விடுதலையும் கொடுத்தார். எட்டு சென்ட் மோசஸுக்கு, வந்த கூட்டம் பீலுக்கு என்பது ஏற்பாடு. எட்டு எட்டாகச் சேர்த்து மோசஸ் மாடி வைத்த செங்கல் வீடு வாங்கினார். ஒருகாலத்தில் அவரோடு ஒரே மேஜையில் சாப்பிட மறுத்த பீல் வீட்டு வெள்ளைக்காரச் சமையல்காரி, அந்த வீட்டுக்கு அவர் மனைவியாக வந்தார்.

அவர் வெட்டிய காகிதங்களில் மியூசியத்தின் முத்திரை உண்டு, அவர் பெயர் இல்லை. பீல் 1827-ல் காலமானார். அடுத்த இருபது வருஷத்தில் மியூசியம் நொடித்தது. சேகரிப்பில் ஒரு பங்கு சர்க்கஸ் புகழ் பார்னம் கைக்குப் போனது. மாமத் கடல் கடந்து ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் மியூசியத்தில் நிற்கிறது. வாஷிங்டனின் பறவைகள் ஹார்வர்டில் இருக்கின்றன. பூனையைப் பற்றித்தான் முன்பே சொன்னேனே.

ஃபிலடெல்ஃபியாவின் பழைய நூலகம் ஒன்றில் ஒரு நிழலுருவம் இருக்கிறது. ஓர் ஆணின் பக்கவாட்டு முகம். அடியில் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள்: மோசஸ் வில்லியம்ஸ், நிழலுருவம் வெட்டுபவர். பூனை கொடுத்தவர், பறவை கொடுத்தவர், கரடி கொடுத்தவர் எல்லோருக்கும் எண்ணெய் வண்ணத்தில் படம் வரைந்தார் பீல். மியூசியத்துக்குக் கூட்டம் சேர்த்துக்கொடுத்தவரின் படம், எட்டு சென்ட் காகிதத்தில் ஓர் ஓட்டை.